மாஃபி முஷ்கில் கார்மேகம்

மனாமா கடைவீதியில் ஒரு சந்துக்குள் தையல் கடை வைத்திருக்கிறேன். பேர் மீராசா, ஊர் தொண்டி. கல்யாணக் கோட்டும் வரும், தொழிலாளர் கேம்ப் ஆட்களின் கிழிந்த பேன்ட்டும் வரும். கார்மேகம் வந்தது கிழிந்த பேன்ட்டோடுதான். சாரம் கட்டும் வேலை அவனுக்கு. குழாய் முனையில் மாட்டி முட்டிக்கு மேலே நீளமாகக் கிழிந்திருந்தது. நான் தைத்து முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து பாடிக்கொண்டே இருந்தான்.

"கொஞ்ச நேரம் வாயை மூடமாட்டியா?" என்றேன்.

"மூடுனா பசிக்கும் பாய்" என்றான்.

ஆளைப் பிடித்துப்போயிற்று. இன்றைக்கு பஹ்ரைனில் அவனைத் தெரியாத தமிழர் குறைவு. ரோட்டில் கண்டால் "மாஃபி முஷ்கில் கார்மேகம்!" என்று ஓடிவந்து தோளில் கை போட்டு செல்ஃபி எடுக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்களுக்குத் தெரிந்தது அவன் பல்லைக் காட்டிச் சிரிக்கும் போஸ்டர் மட்டும். மீதியை நான் சொல்லிவிடுகிறேன்.

கமுதிப் பக்கம் அவனுக்கு ஊர். ஒரே தங்கை நாகவள்ளி, அவளுக்கு ஒரு பெண் குழந்தை. அவள் புருஷன் மணிகண்டனை இங்கே கொண்டுவந்ததும் கார்மேகம்தான். அதே கம்பெனி, அதே கேம்ப், மேல் கட்டில் கீழ்க் கட்டில். "எந்தங்கச்சி மாப்ளைய எங்கண்ணு முன்னாடியே வச்சிருக்கேன் பாய்" என்று பெருமையடிப்பான். மணிகண்டன் பேசாத ஆசாமி. ஆனால் அவனுக்கு ஒரு குரல் இருந்தது, அடியிலிருந்து வரும் கனத்த குரல். கார்மேகத்துடையது உச்சிக்குப் போகிற குரல். இரண்டும் சேர்ந்தால் கடைக்குள் என் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

என் கடைக்கு எதிரே போன் கடையில் ஹஸ்னைன் என்று கீழக்கரைப் பையன் வேலை பார்த்தான். அவனிடம் பழைய கீபோர்டு ஒன்று இருந்தது. அதில் தாளப் பொத்தான்கள் எல்லாம் செத்துப்போய், பழைய காலத்து ட்விஸ்ட் தாளம் ஒன்று மட்டும் வேலை செய்தது. அதனால் எந்தப் பாட்டைப் பாடினாலும் துள்ளும். ஒப்பாரி வைத்தாலும் துள்ளியிருக்கும். வெள்ளிக்கிழமை லீவில் மூன்று பேரும் கேம்ப் முற்றத்தில் உட்கார்ந்து பாடுவார்கள். அந்தத் தாளத்துக்குத்தான் கார்மேகம் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டினான்.

மாஃபி முஷ்கில் என்றால் அரபியில் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். சைட்டில் ஃபோர்மேன் என்ன கேட்டாலும் நம் ஆட்கள் சொல்கிற பதில் அதுதான். கை நசுங்கினாலும் அதுதான், வயிற்றுப்போக்கு என்றாலும் அதுதான். வேறு பதில் சொன்னால் ரூமுக்கு அனுப்பிவிடுவார்கள், அன்றைய கூலி போய்விடும். பாட்டில் மணிகண்டன் கனத்த குரலில் கேள்வி கேட்பான், கார்மேகம் உச்சக்குரலில் பதில் சொல்வான்.

"வெயிலடிக்குதா மாப்ள?" "மாஃபி முஷ்கில்!"

"வேர்வை கொட்டுதா மாப்ள?" "மாஃபி முஷ்கில்!"

"வீட்டு நெனப்பா மாப்ள?" "மாஃபி முஷ்கில்!"

கேம்ப்பே குதிக்கும். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் எது சிரிப்பினால் வந்தது என்று நான் கேட்டதில்லை.

ஒரு பொங்கலுக்குக் கேம்ப்பில் வேட்டி சட்டை கொடுக்க ஒரு சங்கத்தார் வந்தார்கள். அவர்களோடு வந்தவர் சரவணகுமார். கோயம்புத்தூர்க்காரர், மேடை நிகழ்ச்சி நடத்துவதுதான் தொழில். பாட்டைக் கேட்டதும் பெட்டி நிறையச் சாக்லேட் கிடைத்த குழந்தை முகம் ஆகிவிட்டது அவருக்கு. மறுவாரமே மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். போனில் ஒரு வீடியோ காட்டினார். அறுபதுகளில் வெளிநாட்டில் கொடிகட்டிப் பறந்த ஏதோ ஒரு குழு. கோடு போட்ட சட்டையில் இளவட்டங்கள், கடற்கரை மணலில் நின்று பளிச்சென்று சிரித்துக்கொண்டு பாடுகிறார்கள்.

"இதுதான் தம்பி நீங்க. சிரிப்பு, வெயில், கடற்கரை. அறுபதுகளோட பாட்டு, கடைசியில உங்க பாட்டு" என்றார்.

"வெயில் எங்ககிட்ட நெறையக் கெடக்கு சார். கடற்கரையத்தேன் பஸ்ஸுல போறப்ப பாத்தது" என்றான் கார்மேகம்.

மஞ்சள் சட்டை, வெள்ளைக் குழாய் பேன்ட், ஒல்லியான கறுப்பு டை. துணி அவர் எடுத்துத் தந்தார், தைத்தது நான். குழுவுக்கு 'சன்னி சிக்ஸ்டீஸ்' என்று பேர் வைத்திருப்பதாகச் சொன்னார். "சார், எங்க பக்கம் சன்னின்னா காய்ச்சல் தலைக்கேறிப் பிதற்றுறது. நல்ல காரியத்துக்கு அந்தப் பேரா?" என்றேன். அவர் என் முதுகில் தட்டி, "பாய்க்கு ஜோக்கு நல்லா வருது" என்று சிரித்தார். நான் ஜோக் அடிக்கவில்லை.

அவர்கள் ஏறிய ஏற்றத்தை மறைப்பதற்கில்லை. முதல் மேடை ஒரு கிளப் ஹாலில். பிறகு ஈசா டவுனில். வெள்ளிக்கிழமை மட்டுமில்லை, டூட்டி முடிந்த ராத்திரிகளிலும் மேடை. பாலம் தாண்டி, சவூதியின் அல் கோபாரிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். தலை நரைத்த எஞ்சினியர்கள் எழுந்து நின்று இடுப்பை ஆட்டினார்கள். தமிழில் ஒரு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராத பிள்ளைகள்கூட "மாஃபி முஷ்கில்" என்று கத்தின. பாட்டின் கடைசிப் பதிலுக்கு முன்னால் ஓர் இடைவெளி விடச் சொல்லிக்கொடுத்தவர் சரவணகுமார். மணிகண்டன் கடைசியாக, "வெசனமா மாப்ள?" என்று கேட்பான். கார்மேகம் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். தாளமும் நின்றுவிடும். ஹால் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். அப்புறம் சட்டென்று நிமிர்ந்து, "மாஃபி முஷ்கில்!" என்று ஒரு கத்து. கூரை பிய்த்துக்கொண்டு போகும். அந்த இடைவெளிக்காகவே திரும்பத் திரும்ப வந்தவர்கள் உண்டு.

சரி, இவ்வளவு பேரும் புகழும் வந்தபிறகு சாரம் கட்டும் வேலையை விட்டுவிடலாம் அல்லவா? மூன்று பேரும் சரவணகுமாரிடம் அதைத்தான் கேட்டார்கள், என் கடையில் வைத்தே. உங்கள் பேரில் விசா மாற்றிக்கொள்கிறோம் சார் என்றார்கள்.

"டூட்டிய விட்டா நீங்க யாரு தம்பி? ஊர்ல தெருவுக்கு ஒரு ஆர்க்கெஸ்ட்ரா இருக்குது. நீங்க சைட்டுல இருந்து நேரா மேடைக்கு வர்றீங்க பாருங்க, அதுக்குத்தான் சனம் வருது" என்றார் அவர்.

பொய் சொல்லவில்லை மனுஷன். ஒவ்வொரு மேடையிலும் மைக்கைப் பிடித்து, "காலையிலிருந்து வெயிலில் வெந்துவிட்டு இப்போது உங்களுக்காகச் சிரிக்க வந்திருக்கிறார்கள்!" என்றுதான் அறிமுகம் செய்வார். ஐயோ பாவம் என்று ஒரு சத்தம் எழும், பின்னாலேயே கைதட்டல். பாவப்படுவதற்கும் டிக்கெட் எடுத்து வந்த கூட்டம்தானே. கம்பெனிக்கும் மனசு குளிர்ந்துபோய், ஆபீஸ் வாசலில் இவர்கள் படத்தை மாட்டி வைத்தார்கள். ஆனால் டூட்டியில் ஒரு மணி நேரம் குறைக்கவில்லை.

கேம்ப்பில் முகங்கள் மாறின. "ஸ்டார் வந்துட்டார்டா, பாத்ரூமக் காலி பண்ணுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கார்மேகத்துக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. அவன் மேடையில் நின்றால் ஒரு முழம் உயர்ந்துவிடுவான். மணிகண்டன்தான் இளைத்துக்கொண்டே வந்தான். ஒவ்வொரு முறையும் அவன் பேன்ட் இடுப்பை நான் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. கடைசியில் பின்பக்கப் பைகள் இரண்டும் ஒன்றோடொன்று இடிக்குமளவுக்கு வந்துவிட்டது.

"என்னப்பா, சாப்பிடறதில்லையா?" என்றேன்.

"தூக்கம்தேன் இல்ல பாய். எனக்குக் கைதட்டு வேணாம். வெள்ளிக்கிழமை முழுசும் படுத்துத் தூங்கணும். மச்சான்கிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க" என்றான்.

சொன்னேன். கார்மேகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. மாப்பிள்ளையைப் பார்த்து, என் எதிரிலேயே, "தூக்கத்த ஊருக்குப் போயித் தூங்கு. கேள்வி கேக்க ஆளு இல்லாம நான் மட்டும் பைத்தியக்காரன் மாதிரி பதில் சொல்லவா?" என்று கத்தினான். "அப்ப வேற ஆளப் பாத்துக்க மச்சான்" என்றான் மணிகண்டன். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஒரே கட்டிலின் மேலும் கீழும் படுத்துக்கொண்டு, ஒரே வேனில் போய், ஒரே மேடையில் கேள்வியும் பதிலும் பாடிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு திரும்பி வருவார்கள். ஊரிலிருந்து நாகவள்ளி போன் போட்டு இருவரிடமும் தனித்தனியாக அழுதாள்.

அது ஜூன் மாதம். ஜூலை பிறந்தால்தான் இங்கே மதிய வேலைக்குத் தடை. வெயிலுக்கு அந்தச் சட்டம் தெரியாது. வெள்ளிக்கிழமை மேடை முடித்து, சனிக்கிழமை டூட்டிக்குப் போயிருக்கிறார்கள். கார்மேகம் சாரத்தின் உச்சியில். மணிகண்டன் கீழே கம்பி கட்டும் இடத்தில். மதியம் ஒரு மணி வாக்கில் மணிகண்டன் கம்பியைக் கீழே போட்டுவிட்டு நின்றானாம். வேர்வை நின்றுபோய் உடம்பு காய்ந்திருந்ததைப் பக்கத்தில் இருந்தவன் பிறகு சொன்னான். ஃபோர்மேன் வந்து, "க்யா ஹுவா? முஷ்கில்?" என்று கேட்டிருக்கிறான், என்ன ஆச்சு, பிரச்சினையா என்று.

"மாஃபி முஷ்கில்!" என்று மணிகண்டன் பாடினான். தன் குரலில் இல்லை, கார்மேகத்தின் உச்சக்குரலில்.

சுற்றி இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருவன் போனை எடுத்து வீடியோ பிடித்தான். மேலே இருந்த கார்மேகத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை கோபம் ஆறிவிட்டான், என் பங்கைப் பாடி என்னை வம்புக்கு இழுக்கிறான், அப்படியானால் கேள்வியை நான் பாட வேண்டும் என்று நினைத்தான். உச்சியில் நின்றபடியே, மணிகண்டனைப் போலக் குரலைத் தாழ்த்தி, "வேர்வை கொட்டுதா மாப்ள?" என்றான். கீழேயிருந்து, "மாஃபி முஷ்கில்." "வீட்டு நெனப்பா மாப்ள?" "மாஃபி முஷ்கில்." ஆட்கள் தாளம் போட்டார்கள். "வெசனமா மாப்ள?"

மணிகண்டன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எல்லோருக்கும் தெரிந்த இடைவெளிதானே. தாளத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். ஃபோர்மேனும் சிரித்துக்கொண்டே காத்திருந்தான். கார்மேகம் மேலே குழாயைப் பிடித்தபடி, நிமிரட்டும், நிமிரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். மணிகண்டன் அப்படியே குனிந்தபடி கம்பிக் கட்டின்மேல் சரிந்தான். அதற்கும் சிலர் கைதட்டினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. வெயில் தலைக்கேறிப் புத்தி தடுமாறியிருக்கிறது, தான் என்ன பேசுகிறோம் என்றே அவருக்குத் தெரிந்திருக்காது என்று அங்கே இருந்த மலையாளி நர்ஸ் சொன்னாள். கம்பெனி எழுதியது மாரடைப்பு என்று. சைட்டில் எல்லோர் போனிலும் அந்த வீடியோவை அழிக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். ஆனால் அதற்கு முன்பே அது சரவணகுமாரிடம் வந்து சேர்ந்துவிட்டது. கடைசிச் சரிவை மட்டும் வெட்டிவிட்டு, தலை குனிந்து நிற்கும் இடத்தில் நிறுத்தி, 'கடைசி மூச்சு வரை சிரித்த கலைஞன்' என்று எழுதிக் குழுவின் பக்கத்தில் போட்டார். பார்த்தவர் எண்ணிக்கை லட்சங்களில் ஏறியது.

கார்மேகம் மணிகண்டனின் சவப்பெட்டியோடு ஊருக்குப் போய்க் காரியம் முடித்துத் திரும்பினான். திரும்பியதும் நேராக என் கடைக்கு வந்தான். அவனுக்கு இருந்தது ஒரே பயம். "தங்கச்சி அதப் பாத்துறக் கூடாது பாய். அவ புருசன் செத்துக்கிட்டு இருக்கான், நான் மேல நின்னு எதிர்ப்பாட்டுப் பாடுறேன். ஒருநா இல்லாட்டி ஒருநா யாராச்சும் அவகிட்ட விசயத்த வெளங்கச் சொல்லிருவாங்க. அப்பறம் எம்மூஞ்சியப் பாப்பாளா?"

சரவணகுமாரின் காலில் விழாத குறையாகக் கேட்டான். எடுத்துவிடுகிறேன் தம்பி, ஆனால் நினைவு நிகழ்ச்சி ஒன்று ஏற்பாடாகிவிட்டது, நீ வந்து அந்தப் பாட்டைப் பாடிக்கொடு, மறுநாளே எடுத்துவிடுகிறேன் என்றார். மணிகண்டன் இடத்தில் பாட வேறொரு பையனைப் பிடித்திருந்தார். மணிகண்டனின் மஞ்சள் சட்டையை அந்தப் பையனுக்குப் பிரித்துத் தைத்துத் தரச் சொல்லி என்னிடம் அனுப்பினார். கழுத்துப்பட்டியில் அவன் தலையெண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. அனுப்பப்பட்ட ஆளின் கையிலேயே திருப்பித் திணித்து, இந்தப் பக்கம் வந்தால் கத்தரிக்கோல்தான் பேசும் என்றேன். ஊரில் ஒரே தையற்காரனா நான்? வேறு எவனோ செய்துகொடுத்தான். தோள் இறங்கித் தொங்கியது.

போகாதே என்று கார்மேகத்திடம் சொன்னேன். போனான். பாடினான். கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னான். இடைவெளியில் தலை குனிந்தவன் நிமிர வெகுநேரம் ஆயிற்று. ஹாலில் எல்லோரும் போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், அருமையான நிகழ்ச்சி என்று பேசிக்கொண்டு போனார்கள். சரவணகுமார் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் வீடியோவை எடுத்துவிட்டார்.

அந்த வாரமே நாகவள்ளி கூப்பிட்டாள். கார்மேகம் என் கடையில் இருந்தான், ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"அண்ணே, அவுக பாடுற வீடியோவக் காணமே? தேடித் தேடிப் பாக்கேன், வரமாட்டேங்குது" என்றாள்.

இவன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான். "நீ... அதப் பாத்தியா?"

"தெனமும்தேன் பாத்தேன். நீயும் அவுகளும் பேசாமத் திரிஞ்சீகளே, கடைசீல ஒண்ணா சேந்து பாடிட்டுத்தானண்ணே போயிருக்காக. அந்த ஒண்ணுலதேன் எனக்கு மனசு ஆறுச்சு. பாப்பா அதக் கேட்டாத்தேன் தூங்குவா. யாருண்ணே அழிச்சது?"

"தெரியல ஆத்தா. வாங்கி அனுப்புறேன்" என்றான்.

கேம்ப் முழுக்க விசாரித்தான். எல்லோர் போனிலும் அழிந்திருந்தது. ஹஸ்னைன் இணையத்தில் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தான். எவனோ அதில் சிரிப்புச் சத்தம் சேர்த்து, மணிகண்டன் தலைமேல் கோமாளித் தொப்பி வரைந்து போட்டிருந்தான். அதையா அனுப்புவது? சரவணகுமாரிடம் போனால், "எங்கிட்ட இருக்குது தம்பி. ராஸ் லஃபான் எஞ்சினியருங்க கூப்பிட்டிருக்காங்க, கத்தார் நிகழ்ச்சி முடியட்டும், அனுப்பறேன்" என்றார். கத்தார் முடிந்தது. அப்புறம் இன்னொன்று. இதோ, இன்னமும் கார்மேகம் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு சிரிக்கிறான். அவன் ஏன் சிரிக்கிறான் என்று செல்ஃபி எடுக்கிறவர்களுக்குத் தெரியாது.

நாகவள்ளி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவன் கடைக்கு வந்து கதவைச் சாத்தச் சொன்னான். ஏ.சி.யையும் மெஷினையும் நிறுத்தினேன். வீடியோ கிடைக்கவில்லை, குரல் மட்டும்தான் கிடைத்தது என்று சொல்லி அனுப்பப் போகிறானாம். பேன்ட் மாற்றும் தடுப்புக்குள் போய் நின்றுகொண்டு, போனில் பதிவு செய்தான். கேள்வியைத் தன் குரலில் கேட்டான், பதிலை மணிகண்டன் குரலில் பாடினான். கனத்த குரல், அடியிலிருந்து வரும் அதே குரல். நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். யா அல்லாஹ், அவனேதான் உள்ளே நிற்கிறான் என்று ஒரு கணம் நம்பினேன்.

அனுப்பினான். இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவள் கூப்பிட்டாள். பின்னால் பிள்ளை சிணுங்குவது கேட்டது.

"பாப்பா கேட்டுச்சா?" என்றான் கார்மேகம்.

"கேட்டா. அப்பான்னு சொல்லல. மாமான்னு சொல்றா" என்றாள் நாகவள்ளி. பிறகு கேட்டாள், "அந்த வீடியோவுல மேல இருந்து கேள்வி கேட்டது நீதானண்ணே? அப்ப அவுக எந்தக் கொரல்ல பாடுனாகன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணுமே. அவுக அதுல ஒங்கொரல்லதானண்ணே பாடுனாக. எதுக்குண்ணே அப்பிடிப் பாடுனாக?"

கார்மேகம் தலையைக் குனிந்துகொண்டான். அவள் போனை வைக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.